பூங்லி அண்ணையின் செரிப்பூ பஸ்

சுவிற்சர்லாந்து முழுவதிலும் நேரத்துக்கு வருகிற தமிழர் ஒரே ஒருவர்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. இந்த நாட்டில் நடந்த எந்தத் தமிழ்க் கல்யாண வீடியோவை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் வெறும் மண்டபம் வரும். நடுவில் ஒரு மனிதர் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு தன்னந்தனியாகக் கதிரை விரித்துக்கொண்டிருப்பார். கனடாவிலும் லண்டனிலும் இருந்து அந்த வீடியோவைப் பார்த்த சனம் அவரை மண்டபத்து வேலையாள் என்றே நினைத்திருக்கிறது. அவர்தான் எங்கள் பூங்லி அண்ணை.

"பூங்ட்லிஹ்" என்றால் ஜெர்மன் மொழியில் சொன்ன நேரத்துக்கு நிற்பது. அண்ணை வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற சொல் அதுதான். எங்கள் ஆட்கள் அதன் நடுவை வெட்டி, வாலையும் வெட்டி, 'பூங்லி' ஆக்கி அவருக்கே சூட்டிவிட்டார்கள். சொந்தப் பெயரா? சூரிச்சில் ஒரு கன்ரீன் குசினியில் அவரோடு பக்கத்தில் நின்று வருடக்கணக்காகச் சலாட் கழுவிய எனக்கே அது தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஐந்து மணி என்று சொல்லியிருந்தார்கள். ஐந்துக்கு அண்ணை கதவு மணியை அடித்தார். தாய் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். தகப்பன் கேக் எடுக்கப் போயிருந்தார். அண்ணை அசரவில்லை. பரிசைக் கொடுத்தார், பிள்ளைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பிறந்தநாள் பாட்டைத் தனியாகப் பாடி முடித்தார், ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். மற்றவர்கள் வந்து கேக் வெட்டியபோது அண்ணை வீட்டில் பாதி நித்திரை.

கடைசியில் வின்டர்தூரில் ஒரு கல்யாண வீட்டார் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். அண்ணைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் பிந்திய நேரத்தைப் போட்டுத் தனியாக ஓர் அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகக் கதிரை விரிக்காமல் வந்து கதிரையில் இருந்தார். இருக்கத் தெரியாமல் நெளிந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நேரம் மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைக் கண்ணாடித் தொட்டிக்குள் போட வந்த ஒரு சுவிஸ்காரரை மறித்து, "இன்றைக்குச் சத்தம் போடக்கூடாத நாள்" என்று திருப்பி அனுப்பியவர் அவர். பழைய பேப்பரைக் கட்டி வெளியே வைக்கிற நாளில் தன்னுடைய கட்டை வைத்த கையோடு, பக்கத்து வீட்டுக் கட்டு சரிந்திருந்தால் அதையும் அவிழ்த்து நேராக அடுக்கிக் கட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏன் அண்ணை உங்களுக்கு இந்தக் கரைச்சல்? சுவிஸ்காரரே இவ்வளவு பாக்கிறேல்லை."

சலாட் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவங்கள் பிந்தினா ட்ராம் பிந்திட்டுது எண்டு சொல்லுவாங்கள், பிள்ளை. நான் பிந்தினா தமிழர் பிந்துவினம் எண்டு சொல்லுவாங்கள்."

அன்றைக்கும் நான் வேலைக்குப் பிந்தித்தான் வந்திருந்தேன்.

அண்ணை இருந்தது சூரிச்சில் இல்லை. பாசலுக்குப் போகிற வழியில், ஃபிரிக்தால் பக்கம், செரி மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வசந்தத்துக்கு நீங்கள் எல்லோரும் சோற்றுக் கிடாரத்தோடு போய் இறங்கிவிடுவீர்கள். அந்த ஊரில் அண்ணை பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். பரீட்சை எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஆனி மாத ஊர்க்கூட்டத்தில் ஊரவர்கள் கை உயர்த்த வேண்டும். கை உயர்ந்தால் உள்ளே, உயராவிட்டால் வெளியே.

"எல்லாரும் நிரந்தரமா இருக்கிற சி பெர்மிற்றோட சந்தோசமாத்தானே இருக்கினம். உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"சுவிஸ் பாஸ்போட்டில பிறந்த இடம் போடமாட்டாங்கள், தெரியுமோ? உம்மட ஊர் எண்டு ஒண்டு போடுவாங்கள். கை உயத்தின ஊரின்ர பேர் அது. எங்கட ஆக்கள் ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி, எந்த ஊர் எண்டுதான். நான் பிறந்த ஊர் ஆமிக்காரன்ர முள்ளுக்கம்பிக்கு உள்ள கிடக்குது. நான் வெளிய நிக்கிறன். எனக்கும் சொல்லுறதுக்கு ஒரு ஊர் வேணும், பிள்ளை."

இதைச் சொல்லிவிட்டு, நான் கழுவிய சலாட்டில் மண் இருக்கிறது என்று திரும்பவும் கழுவக் கொடுத்தார்.

இந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து அவருடைய மச்சான், தங்கையின் புருஷன், வந்து இறங்கினார். வந்த நாள் முதலாக ஒரே கனடாப் புராணம். சூரிச் ஏரியைப் பார்த்துவிட்டு, "இதையோ ஏரி எண்டுறியள்? எங்கட பக்கம் இது குளம்" என்றார். ட்ராமைப் பார்த்துவிட்டு, விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் செரிப்பூக் கதை வந்தது.

"செரிப்பூ பாக்கிறதெண்டா ரொறன்ரோவுக்கு வரவேணும், மச்சான். சனம் அள்ளுப்பட்டுப் போகும்."

"உங்கட மரத்தில பழம் வருமோ?"

"பழமோ? அது வடிவுக்கு வச்ச மரமெல்லே!"

"அப்ப அது பூவில்லை. சோடினை" என்றார் அண்ணை. அன்று பின்னேரமே ஒரு பெரிய பஸ்ஸை வாடகைக்குப் பேசிவிட்டார். மச்சானுக்குப் பாடம் எடுக்க ஓர் ஊர்ச் சனமே சாட்சிக்குத் தேவைப்பட்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு சூரிச் ஸ்ரேசனுக்குப் பின்னால் பஸ் நின்றது. ஏழுக்கு பஸ்ஸில் இருந்தவர்கள் அண்ணை, மச்சான், இரண்டு குடும்பம், ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நான். சாரதி சுவிஸ்காரர், நல்ல மனிதர்.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே, வருவார்கள்" என்று அவர் அண்ணையிடம் கெஞ்சினார்.

"பூங்ட்லிஹ்!" என்றார் அண்ணை. தமிழருக்காகச் சுவிஸ்காரர் மன்றாடி, தமிழர் மறுத்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பஸ் நகர்ந்தது. அப்போது பார்த்தால் லாங்ஸ்ராஸத் தெருப் பக்கமிருந்து ஒரு பட்டாளம் ஓடி வருகிறது. முன்னுக்கு ரஞ்சி அக்கா, பின்னால் அவருடைய புருஷன் தலையில் சோற்றுக் கிடாரம். "அண்ணை! நிப்பாட்டுங்கோ! சோறு! சோறு!" அண்ணை கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு சாரதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பஸ் ஆட்களுக்காக நிற்கவில்லை, கிடாரத்துக்காகத்தான் நின்றது என்பதை அவர் போகிற வழியெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த மைக்கில் ஒரு பெரிய பிரசங்கமும் நடந்தது.

"கேளுங்கோ. சத்தம் போட்டுக் கதையாதேங்கோ. புல்லில மிதியாதேங்கோ, அது மாட்டின்ர சாப்பாடு. கடதாசி, தோடம்பழக் கோது எல்லாம் உங்கட உங்கட பொக்கற்றுக்குள்ள. கண்ட ஆக்கள் எல்லாருக்கும் வாய் நிறைய வணக்கம் சொல்லுங்கோ. இந்த ஊர் ஆக்கள்தான் ஆனியில எனக்குக் கை உயத்தப் போகினம். விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை!" என்று பஸ்ஸே கத்தியது.

எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அது நினைவிலேயே வரவில்லை.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மலைச்சரிவு முழுக்க வெள்ளை. அரித்த அரிசிமாவை யாரோ மேலிருந்து கொட்டிவிட்ட மாதிரி. இலையைக் காணவில்லை, கொப்பைக் காணவில்லை, பூ மட்டும்தான். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும், குசினியையும் ட்ராமையும் தவிர வேறொன்றையும் பார்க்காமலே இருந்துவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. கனடா மச்சான் போனை எடுத்தார், படம் பிடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணைக்கு அது போதும். இறங்கியதும் மச்சானை மட்டும் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், எந்த மரம் கறுத்தப் பழம், எந்த மரம் சிவத்தப் பழம் என்று விளக்கத் தொடங்கிவிட்டார்.

ரஞ்சி அக்கா ஒரு மரத்துக்குக் கீழே நின்றுவிட்டார். வீட்டில் சாமிப் படத்துக்கு வாரம் முழுக்கக் கடை ரோசாப்பூ வைத்து அலுத்துப்போன மனுசி. யாழ்ப்பாணத்தில் விடிய எழும்பி அடுத்த வீட்டு வேலியில் நந்தியாவட்டை ஆய்ந்து வளர்ந்த கை. அங்கே அதை யாரும் களவு என்று சொன்னதில்லை. "சாமிக்கு" என்றால் வேலிக்காரரே கொப்பை வளைத்துத் தருவார்கள். அக்காவின் கைப்பையில் ஒரு பிளாஸ்ரிக் பை எப்போதும் மடித்தபடி இருக்கும். கை தன்பாட்டில் மேலே போயிற்று.

மன்னாரைச் சேர்ந்த மேரி அக்கா அதைக் கண்டார். "ரஞ்சி, எங்கட மாதாவுக்கும் கொஞ்சம் ஆய்ஞ்சு தாருமன்." அவ்வளவுதான். சைவமும் கிறிஸ்தவ வேதமும் தோளோடு தோள் நின்று ஒரே கொப்பை வளைத்தன. பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் பையை விரித்தார்கள். கைக்கு எட்டின கொப்பெல்லாம் மொட்டையாகும் வரை ஆய்ந்தார்கள்.

அண்ணை அந்த நேரம் பார்த்துத் திரும்பினார்.

"ஐயோ! ஆயாதேங்கோ!"

அந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. சத்தத்தைக் கேட்டு மேட்டிலிருந்து ஒரு ட்ரக்டர் இறங்கி வந்தது. மரத்துக்குச் சொந்தக்காரர், பெயர் ரூடி. அண்ணையின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அந்த ஊர்க்கூட்டத்தில் ரூடியின் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் மற்றக் கைகளும் போகும் என்று அண்ணை என்னிடம் பல முறை சொல்லியிருந்தார். ரூடி ட்ரக்டரை நிறுத்தினார். மொட்டைக் கொப்பைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். முகம் பீற்றூட் நிறத்துக்குப் போயிற்று.

மச்சான் அண்ணையின் காதுக்குள், "பஸ்ஸில ஏறு. இந்தியாவில இருந்து வந்த ரூரிஸ்ற் எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

ரூடியே அதற்கு வாசலைத் திறந்து விட்டார். "இவர்கள் யார்? உனக்குத் தெரிந்தவர்களா?" என்று அண்ணையைக் கேட்டார்.

தெரியாது என்ற ஒரு சொல் போதும். ஆனி மாதக் கை காப்பாற்றப்பட்டுவிடும். ரஞ்சி அக்கா பையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

அண்ணை கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். நிமிர்ந்தார். அந்த ஊர்ப் பாஷையிலேயே, எங்கள் எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இவர்கள் என் ஆட்கள். எல்லோரும். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், தமிழச்சியாகப் பிறந்ததற்கு எனக்கு அவ்வளவு பெருமை அதற்கு முன் வந்ததில்லை. அந்த நேரம் நாங்கள் களவு எடுத்துப் பிடிபட்டு நின்றோம் என்பது வேறு விஷயம்.

"ஒவ்வொரு பூவும் ஒரு செரிப்பழம்!" என்று ரூடி கத்தினார். "நீங்கள் பூவைப் பறிக்கவில்லை, என் பழத்தைப் பறித்திருக்கிறீர்கள்!"

ரஞ்சி அக்கா பையை நீட்டினார். "சாமிக்கு எண்டு சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் கெட்ட நோக்கத்தில ஆயேல்லை." அண்ணை அதை மொழிபெயர்த்தார். ரூடி பையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கள் சாமிக்குப் பொறுமை இல்லையா? இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பழமாகவே கொடுத்திருப்பேனே" என்றார்.

அண்ணை அதைத் தமிழில் சொன்னபோது ரஞ்சி அக்கா, "அதுவும் நியாயந்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணை ரூடிக்குக் கிட்டப் போனார். "பழம் பறிக்கிற நாளைச் சொல்லுங்கள். இவ்வளவு பேரும் வந்து பறித்துத் தருவோம். சொன்ன நேரத்துக்கு."

ரூடி எங்கள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ட்ரக்டரைத் திருப்பினார்.

திரும்பி வரும்போது அண்ணை மைக்கைத் தொடவில்லை. யாரையும் ஏசவில்லை. ரஞ்சி அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். "ஒரு வார்த்தை ஏசினா எண்டாலும் மனம் ஆறும், பிள்ளை. மனுசன்ர அலுவலைக் கெடுத்துப்போட்டன்." அந்தப் பூ அன்றிரவே அவர் வீட்டுச் சாமிக்கு முன்னால் போயிற்று, மேரி அக்கா வீட்டு மாதாவுக்கு முன்னாலும் போயிற்று. இரண்டு வீட்டிலும் வேண்டுதல் ஒன்றுதான்: அண்ணைக்குக் கை உயர வேண்டும். களவெடுத்த பூவை வைத்துக் கேட்டால் சாமி தருமா என்று நான் வாய் திறக்கவில்லை.

ஆனி பிறந்தது. ஊர்க்கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சனிக்கிழமையை ரூடி சொன்னார். அண்ணை எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். அதே இடம், அதே ஏழு மணி. கீழே, "வர ஏலாதவை வராட்டியும் பரவாயில்லை" என்று போட்டிருந்தார். அண்ணை பரவாயில்லை என்று எழுதியதைப் பார்த்ததும் நான் போனில் அலாரம் வைத்தேன்.

நான் ஆறரைக்கே போனேன். போனால், அண்ணையைத் தவிர நான்தான் கடைசி! பஸ் நிறைந்து வழிந்தது. ரஞ்சி அக்கா சாரதிக்குப் பின்னால் முதல் சீற்றில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மடியில் கிடாரத்தோடு. கனடாவுக்குத் திரும்பிவிட்ட மச்சான் மட்டும் போனில் இருந்தார். வழக்கம்போல் நேரத்துக்கு முன்னால் வந்த அண்ணை பஸ்ஸில் கால் வைத்தார், உள்ளே பார்த்தார், தன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார்.

"ஏறுங்கோ அண்ணை, நேரம் போகுது!" என்றார் ரஞ்சி அக்கா.

அன்றைக்கு நாங்கள் பறித்த பறிப்பை ரூடி சாகும்வரை மறக்கமாட்டார். காம்போடு பறிக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் காட்டினார். பூ ஆய்கிற கைக்குக் காம்பைப் பற்றிச் சொல்லித் தரவும் வேண்டுமா! மத்தியானம் ரூடிக்கும் சோறு போட்டோம். சம்பலைத் தின்றுவிட்டுக் கண்ணால் தண்ணீர் ஓட ஓட இன்னும் ஒரு கரண்டி கேட்டார். பின்னேரம் போகும்போது ரஞ்சி அக்காவின் கையில் ஒரு கூடைப் பழத்தைக் கொடுத்தார். "சாமிக்கு" என்றார். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவர் யாரிடம் கேட்டுப் பாடமாக்கினாரோ தெரியாது. ஆனால் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. ரஞ்சி அக்கா, மேரி அக்கா, நான் மூவரும் பின்னால் விருந்தினர் கதிரையில். தலைவர் எழுந்து ஒரு நீளமான பெயரைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். யார் இந்த மனிதர் என்று நான் சுற்றிப் பார்க்க, பூங்லி அண்ணை எழுந்து நின்றார்! ஊர் பேசி முடிக்கும்வரை விண்ணப்பம் போட்டவர் வெளியே நிற்க வேண்டும். அண்ணை கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனார்.

"யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று தலைவர் கேட்டார்.

ரூடி எழுந்தார். ரஞ்சி அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினார்.

"இவருடைய ஆட்கள் வசந்தத்தில் என் பூவைப் பறித்தார்கள்" என்றார் ரூடி. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "நான் போய் நின்றபோது, இவர்களைத் தெரியாது என்று இவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் ஆட்கள் என்றார். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து பழத்தையும் பறித்துத் தந்தார். ஏணிகளை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்கள். என் சொந்தப் பிள்ளைகளே அப்படி வைப்பதில்லை. நாளைக்கு நான் ஒரு பிழை செய்தால், இவர் என் ஆள் என்று சொல்ல எனக்கும் ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு இருந்தார். இருந்தபடியே கையை உயர்த்தினார்.

கைகள் எழுந்தன. முன்வரிசை, நடுவரிசை, சுவரோடு சாய்ந்து நின்றவர்கள். பக்கத்தில் பார்த்தால் ரஞ்சி அக்காவின் இரண்டு கையும் மேலே!

"அக்கா, இறக்குங்கோ! எங்களுக்குக் கை இல்லை!"

"சும்மா இரும், பிள்ளை" என்றார் அக்கா, இறக்காமலே.

கைதட்டல் அடங்கியது. தலைவர் சிரித்துக்கொண்டு அண்ணையை உள்ளே கூப்பிடச் சொன்னார். கதவைத் திறந்தால் ஆளைக் காணவில்லை. தலைவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஊரே பார்த்தது. நான் எழுந்து வெளியே ஓடினேன்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. ஊர் நடுவில் தண்ணீர் விழுகிற கற்தொட்டியடியில் அண்ணை குனிந்து நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக் கழுவியும் கண் சிவப்புப் போகவில்லை. மண்டபத்து யன்னல் திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது.

"அண்ணை, கூப்பிடுகினம். எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம். நேரம் போகுது!"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கோட்டுக் கையை இழுத்து அதை மூடிவிட்டார்.

"கொஞ்சம் பொறும், பிள்ளை. எங்கட ஊர்தானே. சொந்த ஊரில மனுசன் கொஞ்சம் பிந்தலாம்."

திரும்பவும் குனிந்து முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்தார். நான் துடைக்கச் சால்வையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனை மண்டபத்தில் எங்களுக்காகக் கதிரை விரித்துவிட்டுத் தனியே காத்திருந்த மனுசன். அன்றைக்கு உள்ளே ஒரு கதிரை அவருக்காகக் காத்திருந்தது. வெளியே நானும் காத்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று பார்க்காமல்.